ஆள் நிற்க வேண்டுமானால்...

பெயிண்ட், ஹார்டுவேர், டைல்ஸ், பிளைவுட் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களில் சிலர் பொருளை விற்பதோடு நிற்காமல், பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தரும் வேலையையும் எடுத்துச் செய்கிறார்கள். இவர்கள் கூடினால் முதலில் எழும் புலம்பல் 'ஆள் நிற்பதில்லை' என்பதே. "50 ரூபாய் கூடக் கிடைத்தால் போய்விடுகிறான்" என்று காரணமும் சொல்வார்கள். இது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

கூலி குறைந்தால் ஆள் போவார், ஐயமில்லை. ஆனால் ஒரே கூலி கொடுக்கும் இரண்டு கடைகளில், ஒன்றில் அதே மேஸ்திரி பல வருடமாக இருக்கிறார். மற்றதில் தீபாவளிக்குத் தீபாவளி முகம் மாறுகிறது. இதற்குக் காரணத்தை முதலாளியின் நடைமுறையில்தான் தேட வேண்டும்.

முதலாவது, சனிக்கிழமைக் கூலி. வீட்டுக்காரர் பணம் தரவில்லை என்று வேலையாளின் கூலியை நிறுத்தி வைப்பது முறையல்ல. வீட்டுக்காரருக்குக் கடன் சொன்னது நாம். வேலை ஒப்புக்கொள்ளும்போதே பணத்தை மூன்று, நான்கு தவணையாக வாங்குவதென எழுதிக்கொண்டு, இரண்டு வாரக் கூலியைத் தனியே எடுத்து வைப்பவருக்கு இந்தத் தொல்லை குறையும்.

இரண்டாவது, முன்பணம். ஆளைக் கட்டிப்போட இதுவே வழி என்று பலர் நம்புகிறோம். 10,000 ரூபாயில் தொடங்கியது 30,000 ஆனதும், அடைக்க வழி தெரியாதவர் ஒருநாள் சொல்லாமல் போய்விடுகிறார். பணமும் போயிற்று, ஆளும் போயிற்று. கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதைக் கொத்தடிமை முறை என்று 1976ஆம் ஆண்டிலேயே சட்டம் ஒழித்துவிட்டது. பள்ளிக் கட்டணம், மருத்துவம் என்று அவசரத்துக்குக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். அளவோடு கொடுத்து, நோட்டில் எழுதி அவருக்கும் காட்டி, வாரம் ஒரு சிறு தொகையாகக் கழித்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

மூன்றாவது, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் வேலை நின்றுவிடும். அப்போது "மழை விட்டதும் வா" என்று அனுப்பப்பட்டவர், மழை விடும்போது வேறொருவரிடம் இருப்பார். மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க நாம் ஆள் தேடி அலைவோம். சமையலறை அலமாரி, கதவு, ஒயரிங் போன்ற உள்வேலைகளை அந்த இரண்டு மாதத்துக்கென்று ஒதுக்கிப் பேசி வைத்தால், தச்சருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் முழு வேலை கிடைக்கும். பெயிண்டருக்கும் கொத்தனாருக்கும் கடையிலும் கிடங்கிலும் வாரம் மூன்று நாளாவது வேலை கொடுக்கலாம்.

நான்காவது, மரியாதை. வாடிக்கையாளர் எதிரில் மேஸ்திரியைத் திட்டினால், மறுநாள் அந்த வீட்டுக்காரரே அவர் சொல்லைக் கேட்க மாட்டார். குறை இருந்தால் தனியே அழைத்துச் சொல்லலாம்.

ஐந்தாவது, பாதுகாப்பு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் கொத்தனார், தச்சர், பெயிண்டர், பிளம்பர் எல்லோரும் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை அதன் பலன்கள். பதிவுக்கு அலைய நேரமில்லாதவருக்கு அரைநாள் விடுப்புக் கொடுத்து, தாள்களையும் சரிபார்த்துக் கொடுப்பது நமக்குப் பெரிய செலவல்ல.

"இத்தனையும் செய்தால் லாபம் எங்கே?" என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு 50 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் மாதம் 25 நாளுக்கு 1,250 ரூபாய். பழகாத ஆள் குளியலறைத் தரைக்கு வாட்டம் தவறிப் பதித்துவிட்டால், தண்ணீர் வாசல் பக்கம் தேங்கும். டைல்ஸை உடைத்து மறுபடி பதிக்கும் செலவு அந்த 1,250 ரூபாயில் அடங்காது. கெட்ட பெயர் வேறு. பழகிய மேஸ்திரியோ, போகும்போது தெருவில் நமக்கிருக்கும் வாடிக்கையாளர்களையும் அழைத்துக்கொண்டு போகிறார்.

சரக்கை ஈரம் படாமல் பாதுகாக்கக் கிடங்குக்கு வாடகை கொடுக்கிறோம். அந்தச் சரக்கைச் சுவரில் ஏற்றிப் பணமாக்கித் தரும் கைகளுக்கும் அதே கவனத்தைக் காட்டுவோம். வரும் சனிக்கிழமைக் கூலியிலிருந்தே தொடங்கலாம்.