ஈரத் துணிக்கும் கணக்கு வேண்டும்

லாங் பஜாரில் மூட்டை இறக்குபவர், தோல் தொழிற்சாலையில் பாரம் சுமப்பவர், சாரத்தில் நின்று கல் அடுக்குபவர், அவருக்குக் கலவை எடுத்துக் கொடுக்கும் சித்தாள். வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை இந்த வேலைகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சேரிகளில் இருந்து வருபவர்கள். உயரத்தில் இருந்து விழுந்தாலும், பாரம் முதுகில் சரிந்தாலும் முறிவது அவர்களின் முதுகெலும்பு. தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால்கள் செயலிழப்பதோடு முடிவதில்லை. சிறுநீர், மலம் இரண்டின் மீதும் இருந்த கட்டுப்பாடு போய்விடுகிறது. ஊர் பார்ப்பது செயலிழந்த கால்களை. குடும்பத்தைக் கரைப்பது அந்த இரண்டாவது இழப்பு.

அதைப் பேச வெட்கப்படுகிறோம். ஆனால், உயிரைக் காப்பதும் எடுப்பதும் அதுதான். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாவிட்டால் கிருமி சேரும். சிறுநீர் மேல்நோக்கித் தேங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈரத்தில் கிடக்கும் தோல் புண்ணாகும். படுக்கைப் புண் எலும்பு வரை போகும். இதைத் தடுக்க வழி உண்டு. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான டியூப் வைத்துச் சிறுநீரை வெளியேற்றும் முறை 1972 முதல் உலகம் முழுவதும் பரவியது. வேலூருக்கு இது புதிதல்ல. விபத்தில் தானே இரு கால்களின் இயக்கத்தையும் இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரது முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் எழுந்தது. தண்டுவடக் காயம் பட்டவர் வீடு திரும்பி வாழ முடியும் என்று நாட்டுக்குக் காட்டிய ஊர்களில் ஒன்று நம்முடையது. வீடு திரும்பிய பிறகு அவருக்கு என்னென்ன தேவை என்று அரசு எப்படி அளக்கிறது என்பதே நம் கேள்வி.

அளவுகோல் விழுக்காடு. ஊனத்தை மதிப்பிட மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நரம்புப் பாதிப்பால் வரும் சிறுநீர்ப்பைக் கோளாறுக்குத் தனி அட்டவணையே இடம்பெற்றிருந்தது. லேசான தடை என்றால் 25, அடக்க முடியாத அவசரம் என்றால் 50, அவ்வப்போது தன்னையறியாமல் போவதென்றால் 75, முழுதாகக் கட்டுப்பாடு இல்லையென்றால் 100 விழுக்காடு. ஆகவே கேட்பதற்கு விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், மருத்துவக் குழுவின் முன்னால், வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி, ஒரு பெண் தன் துணி நனைவதை எப்படிச் சொல்வாள்? கேட்கவில்லை என்றால் அவள் சொல்லப்போவதில்லை. சொல்லாதது சான்றிதழில் ஏறப்போவதும் இல்லை.

விழுக்காடு சரியாகவே விழுந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டுகிறோம். 90 விழுக்காடு என்ற எண், ஒரு நாளைக்கு எத்தனை முறை துணி மாற்ற வேண்டும், இரவில் யார் எழுந்திருப்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதனால் யாருடைய கூலி போகிறது என்று எதையும் சொல்வதில்லை. அது உறுப்பை அளக்கிறது, தேவையை அளக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஒரு நாளைக்கு மூன்று டயப்பர் என்றால் மாதத்துக்குத் தொண்ணூறு. ஒன்று முப்பது ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 2,700 ரூபாய். சோற்றுக்கு முன்பே உதவித்தொகை தீர்ந்து 700 ரூபாய் கடன். டியூப், கையுறை, மருந்து இன்னும் கணக்கில் வரவில்லை. மாதவிடாய் நாப்கினுக்கு 2018-இலேயே ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. டயப்பருக்கு 2025 செப்டம்பரில் 12 விழுக்காட்டில் இருந்து 5 ஆகக் குறைந்தது, நீங்கவில்லை.

வேலையிடத்தில் அடிபட்டவருக்கான சட்டம் இதைவிடப் பழையதாக இருந்தது. 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, விரல்களைக் கணு கணுவாக எண்ணி விழுக்காடு போட்டது. சிறுநீர்ப்பை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. பட்டியலில் இல்லாத காயத்தை மருத்துவர் மதிப்பிட வேண்டியிருந்தது. அப்போதும் அளக்கப்பட்டது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதே. கூட இருந்து பார்ப்பவரின் உழைப்பு அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

அந்த உழைப்பு யாருடையது? ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த மனைவியுடையது, பள்ளியை நிறுத்திய மகளுடையது, வயதான தாயுடையது. கழிப்பறை இல்லாத, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீட்டில் ஈரத் துணி அலசுவது தனியாக ஒரு வேலை நாள். மலமும் சிறுநீரும் தொட்ட வேலைக்கு விலை வைக்காமல், அதை ஒரு சாதியின் தலையில் கட்டிய சமூகம் இது. அதே மனப்பான்மைதான் வீட்டுக்குள் நடக்கும் இந்த வேலையையும் இலவசம் என்று எண்ண வைக்கிறது. தீட்டு என்று ஊர் முகம் சுளிப்பதை அலுவலகம் 'பொருந்தாது' என்று எழுதிவிடுகிறது.

இது மாற முடியாததல்ல. பிரிட்டனில் 2013 முதல் உள்ள ஊன உதவித்தொகை மதிப்பீட்டில், கழிப்பறைத் தேவையும் கட்டுப்பாடு இழப்பும் தனிக் கேள்வி. சிறுநீர், மலம் இரண்டில் ஒன்றுக்குப் பிறர் உதவி தேவை என்றால் 6 புள்ளி, இரண்டுக்கும் என்றால் 8. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் கேள்வி படிவத்தில் இருக்கிறது. கேரளம் படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பவருக்கென்றே 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய் வைத்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சாலை விபத்தில் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் இழந்த ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று கணக்கிட்டு 21,60,000 ரூபாய் வழங்கியது. வாகன விபத்தில் மதிக்கப்படும் பராமரிப்பு, மூட்டையோடு விழுந்தவருக்கு ஏன் மதிக்கப்படக் கூடாது?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோர் அதற்காகத் தனியே விண்ணப்பித்து மதிப்பீடு பெறலாம் என்கிறது. அவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டம் வேண்டும் என்கிறது 24-ஆவது பிரிவு. தமிழக அரசும் இவர்களின் உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் அறிவித்திருக்கிறது. விண்ணப்பிக்கலாம் என்பதே தெரியாதவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது ஐந்து. மருத்துவச் சான்று முகாமில் திரை மறைவு வேண்டும். பெண்களிடம் பெண் மருத்துவர் கேட்க வேண்டும். சிறுநீர், மலக் கட்டுப்பாடு பற்றிய கேள்வியைத் தண்டுவடம், மூளை பாதித்த ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவானவருக்கு 38-ஆவது பிரிவின் விண்ணப்பத்தை அங்கேயே கையில் கொடுக்க வேண்டும். டியூப், யூரின் பை, டயப்பர் ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிலம், வேலை, வன்கொடுமை பற்றிப் பேசும் மேடையில் இதையும் பேச வேண்டும். முகாமுக்குப் போகிறவருடன் ஒருவர் துணைக்குப் போய், 'இதையும் எழுதிக்கொள்ளுங்கள் டாக்டர்' என்று சொல்ல வேண்டும். வெட்கப்பட வேண்டியவர் உடம்பின் கட்டுப்பாட்டை இழந்தவர் அல்லர். அவரிடம் கேட்காமலே கோப்பை மூடுகிறவர்கள்.