‘அப்பண்டிஸ்தானே!’

“ஒண்ணுமில்ல, அப்பண்டிஸ்தானே! மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்.” ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆறுதல் வார்த்தை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வைப்பது இந்தப் பேச்சு. வீடு திரும்பியவருக்குக் காய்ச்சல் அடித்தால் பாரசிட்டமால் கொடுத்துப் படுக்க வைப்பதும் இதுவே. எல்லாம் கைமீறியபின், ‘இத்துனூண்டு ஆபரேஷன்ல எப்படி?’ என்று டாக்டரின் சட்டையைப் பிடிக்க வைப்பதும் இதுதான்.

1902 ஜூனில் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா இரண்டு நாள் இருக்கையில் தள்ளிப்போனது, அப்பண்டிஸ் எனும் குடல்வால் சீழ் வைத்ததால். சர்ஜன் ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் சீழை மட்டும் வடித்தார், மன்னர் பிழைத்தார். அதே ட்ரீவ்ஸின் மகள் 1900-இல் குடல்வால் வெடித்துத்தான் இறந்திருந்தாள். அப்போது ஆன்டிபயாடிக் இல்லை என்பீர்கள். சரி. இன்று பெரும்பாலோர் நலமாக வீடு திரும்புகிறார்கள், அதுவும் சரி. ஆனால் வெடித்த குடல்வால் வயிற்றுக்குள் கொட்டியது மலக்கிருமி. கழுவி எடுத்தாலும், நன்றாக இருக்கிறார் என்று அனுப்பிய சில நாளில் உள்ளே சீழ் கட்டலாம். வெட்டிக் கட்டிய முனை கசியலாம். பல வருடம் கழித்துக்கூடக் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளலாம். கைதேர்ந்த சர்ஜனுக்கும் இவை நேரும். சீழ் பிடித்தது என்பதாலேயே தவறு நடந்ததாகாது.

டாக்டர்கள் சிலருக்கு இது வசதியாகிவிட்டது. எதைக் கேட்டாலும் “காம்ப்ளிகேஷன்மா, யாருக்கும் வரலாம்.” வரலாம், ஐயா. வந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஐந்தாம் நாள் வயிறு உப்பி, காய்ச்சலோடு வந்தவரை ஸ்கேன்கூட எடுக்காமல் ஊசி போட்டு அனுப்பினால், அதைச் சிக்கலின் தலையில் கட்ட முடியாது.

1995-இல் உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டது. அங்கே போகும் ஏழைக்கு அந்தச் சட்டத்தின் கதவு இல்லை. எனக்கு இது இன்றும் நெருடல். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடக் கெடு உண்டு. டாக்டரைக் குற்றவாளியாக்க வேண்டுமானால் மிக மோசமான அலட்சியம் இருந்திருக்க வேண்டும் என்றது அதே நீதிமன்றத்தின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் சேர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வதில்லை.

அவர்கள் கேஸ் ஷீட்டின் நகலையும் கேட்பதில்லை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. வாங்கி, காய்ச்சல் குறித்த தாளைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு 103 என்று நர்ஸ் எழுதியிருப்பார். அடுத்து டாக்டர் வந்து பார்த்ததாக எழுதியிருக்கும் நேரம் மறுநாள் காலை பத்தரை என்றால், வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் பக்கத்தை.