வெள்ளத்தில் நின்ற காரா? சாவியில் கை வைக்காதீங்க!

வானூர்,

மரக்காணம் உப்பளக் காற்று பட்டாலே இரும்பு துருப்பிடிக்கும். இந்தப் பக்கம் காருக்கு மேலே மட்டும் தண்ணி ஊத்தி கழுவினால் போதாது. பெயிண்ட் பளபளன்னு இருக்கும். அடியில் பிரேக் பைப் அரித்துக்கொண்டிருக்கும். அதில் ஓட்டை விழுந்து ஆயில் கசிந்தால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் சரியாக பிடிக்காது. கிழக்கு கடற்கரை சாலை வேகத்தில்... நினைத்தாலே பகீர் என்கிறது.

இதைவிட பெரிய அடி மழையில்தான். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படி தண்ணீரில் மூழ்கிய காரை 'ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்' என்று சாவியை திருப்புவதுதான் தப்பு. ஏர் பில்டர் வழியாக புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் காலி!

'புல் இன்சூரன்ஸ் இருக்கே' என்று போய் நின்றால், என்ஜினுக்கு தனி பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு பெரும்பாலும் கைவிரிப்புதான். டியூ கட்டி வாடகைக்கு ஓட்டும் டிரைவருக்கு அதோடு பிழைப்பே போச்சு. பேட்டரி ஒயரை கழற்றிவிட்டு, மெக்கானிக்கிடம் வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பழைய கார் வாங்குகிறவர்கள் மேட்டை தூக்கி, சீட் கம்பியில் துருவும் சேறும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.