ஊற்றினால் கரையாது

சிங்க் அடைத்துக்கொண்டால் எதையாவது ஊற்றுவதுதான் நம் வீடுகளின் முதல் வைத்தியம். கொதிக்கும் தண்ணீர், ஆப்ப சோடாவும் வினிகரும், அதற்கும் மசியாவிட்டால் கடையில் விற்கும் பொடி, கடைசியில் ஆசிட். எதை ஊற்றுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு. ஊற்றினால் கரைந்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. இந்த நம்பிக்கை பொய் என்பதோடு, அடுத்தவர் கையைப் பொசுக்கவும் கூடியது.

குழாய்க்குள் உட்கார்ந்திருப்பது என்ன? சோற்றுப் பருக்கை, தேங்காய்ச் சக்கை, டீத்தூள், கறிவேப்பிலைக் காம்பு. மாவு கழுவிய தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் இவற்றை ஒட்டவைத்துக் கெட்டிப்படுத்துகின்றன. சக்கையையும் காம்பையும் சமையலறையில் இருக்கும் எந்தத் திரவமும் கரைக்காது.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்தால் பொங்கும் நுரையைப் பார்த்து ஏமாறுகிறோம். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கரியமில வாயுவையும் உப்புத் தண்ணீரையும் மிச்சம் வைக்கின்றன. வாயு, திறந்திருக்கும் வாய் வழியாக மேலே வந்துவிடுகிறது. உப்புத் தண்ணீர் எந்த அடைப்பை நீக்கும்?

வெந்நீரின் கதை இன்னும் மோசம். கொழுப்பு இளகும், உண்மைதான். ஆனால் சில அடி தள்ளிப் போய் ஆறியதும், கை எட்டாத இடத்தில் மறுபடி உறைகிறது. அரிசி மாவோ 70 டிகிரி வாக்கில் வெந்து கூழாகிறது. பசை காய்ச்சுவது இப்படித்தான். பி.வி.சி. குழாயும் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும்.

பொடி விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் பெரும்பாலும் இருக்கும் காஸ்டிக் சோடா, கொழுப்பைச் சோப்பாக மாற்றும். ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அது அடைப்பைப் போய்த் தொடுவதே அரிது. தொட்டாலும் நடுவில் ஒரு சிறு துளை விழுந்ததும் மருந்தெல்லாம் அந்த வழியே ஓடிவிடுகிறது. சுற்றியுள்ள படிவு அப்படியே இருக்கிறது. தண்ணீர் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்த வீட்டில் சில நாளிலேயே மறுபடி தேங்குவது இதனால்தான். போர் தண்ணீர் உள்ள ஊரில் உருவாகும் சோப்பும், அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத மாவாய்ப் படிகிறது.

லண்டனில் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 2017-ல் கொழுப்பும் துடைதாளும் இறுகிய சுமார் 130 டன் கட்டி அகப்பட்டது. ஆட்கள் உள்ளே இறங்கி, நீரைப் பீய்ச்சி உடைத்து, உறிஞ்சி வெளியே எடுத்தார்கள். அடைப்புக்கு வழி அதுதான்: எடுப்பது.

வீட்டில் அது சிறு வேலை. சிங்கின் அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப் பெரும்பாலும் கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக். கீழே ஒரு வாளி வைத்துக் கழற்றி, பழைய பிரஷால் தேய்த்து, வாஷரை மறக்காமல் வைத்து மூடினால் போதும். அடைப்பு அங்கே இல்லையென்றால் குழாய்க்குள் ஸ்பிரிங் ஒயரை விட்டுச் சுழற்ற வேண்டும்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது வேறு. நாம் ஊற்றியது எதுவும் பலிக்காதபோது பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவர் சிங்கின் அடியில் மல்லாந்து படுத்து ட்ராப்பைத் திறக்கிறார். தேங்கியிருந்த காரத் தண்ணீர் அவர் கையிலும் முகத்திலும் கொட்டுகிறது. கண்ணில் பட்ட காரம் ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும், பார்வையே போகலாம். முதல் நாள் பொடி, மறுநாள் ஆசிட் என்று ஊற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து கொதித்து மேலே தெறிக்கும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இவ்வளவையும் உள்ளே வைத்துவிட்டு, "அடைச்சுக்கிச்சுங்க" என்று மட்டும் சொல்லி அவரைக் குனிய வைப்பது அநியாயம்.

ஏற்கெனவே ஏதாவது ஊற்றிவிட்டீர்கள் என்றால் நீங்களும் ட்ராப்பைத் தொடாதீர்கள், ரப்பர் பம்பும் போடாதீர்கள். பிளம்பர் வந்ததும், அவர் குனிவதற்கு முன்பே, என்ன ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள். காலிப் பொட்டலம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.