‘டீக் ஹை’ என்று சொல்லாதீர்கள்

சென்ற வருடம் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி நடந்தது. ஈசுவர கிருபையால் இன்று நலமாக இருக்கிறாள். அப்போது நான் கண்ட ஒரு குறையைச் சங்க அன்பர்களிடம் சொல்ல விரும்புகிறேன். குறை மருத்துவத்தில் இல்லை. நம் வீட்டில்தான்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு பரிசோதனைக்குப் போனோம். டாக்டர், “கைஸா ஹை?” என்றார். இவள், “டீக் ஹை” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். செம்பூருக்குத் திரும்பும் வழியில்தான் விஷயம் வெளிவந்தது. நான்கு நாட்களாக மோரைத் தவிர எதுவும் உள்ளே தங்கவில்லையாம். ராத்திரியில் நான் விழித்துக்கொள்ளக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறாள்.

“ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“வெளியில் அவ்வளவு கூட்டம், டாக்டர் பாவம். அதுவும் குமட்டலுக்கு ஹிந்தியில் என்னவென்று சொல்வது?”

நாற்பது வருடம் இந்த ஊரில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசியவள். எனக்கும் அந்த வார்த்தை தெரியவில்லை என்பதுதான் வெட்கம். ரயில்வேயில் நான் கற்ற ஹிந்தியில் ஆக்ஸிலும் பேரிங்கும் உண்டு, குமட்டல் கிடையாது. (ஹிந்தியில் ‘ஜீ மிச்லானா’. மராத்தியில் ‘மள்மள்’. நமக்கு மளமளவென்றால் வேகம்!)

அடுத்த முறை நானே எல்லாவற்றையும் தாளில் எழுதி எடுத்துப்போனேன். டாக்டர் வாந்தி மாத்திரையை மாற்றினார். மூன்றாவது தடவை இரண்டாம் நாளே ரசம் சாதம் சாப்பிட்டாள்.

“வாந்தி வந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம்” என்று உறவினர் பலர் ஆறுதல் சொன்னார்கள். இது தவறு. வாந்திக்கும் மருந்தின் பலனுக்கும் சம்பந்தமில்லை. மருந்து குடலைச் சீண்டுகிறது, அங்கிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. அந்தச் செய்தியைத் தடுக்கும் ஆண்டன்ஸெட்ரான் 1990களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. (அதனால் மலச்சிக்கல் வரலாம். அதையும் சொல்ல வேண்டும்.) 1941 முதல் பரேலில் இயங்கும் டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளிவந்தது. வாந்தியைத் தடுக்க ஒலான்ஸபின் 10 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். வெறும் 2.5 மில்லிகிராமே அதற்குக் குறையாமல் வேலை செய்கிறது, பகல் தூக்கமும் குறைகிறது என்று அதில் கண்டார்கள். மனநோய்க்கும் கொடுக்கும் மாத்திரை அது. மருந்துக் கடைக்காரர் ஏதாவது சொன்னால் பயப்பட வேண்டாம். பக்கத்து நாட்டிலோ அமெரிக்காவிலோ அல்ல, நம் பரேலில் இவ்வளவு யோசிக்கிறார்கள். நாமோ வாயைத் திறப்பதில்லை.

விரல் மரத்துப்போவதும் அப்படித்தான். பாக்ளிடாக்ஸல் ஏற்றியபோது இவளால் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. “வாயு” என்று சொல்லித் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். ஆரம்பத்திலேயே சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. விட்டுவிட்டால் மரத்தது வருடக்கணக்கில் நிற்கலாம். ஆக்ஸில் பாக்ஸ் லேசாகச் சுடும்போதே வண்டியை நிறுத்துகிறோம், புகை வரும்வரை காத்திருப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் காய்ச்சல். பல மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டாலே அவசரம்தான். குரோசின் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும்.

இனி நான் சொல்ல வந்தது. காத்திருக்கும் கூடத்தில் ஒரு நாள் தாராவியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவரைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. துணைக்குப் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன். ஹிந்தி அவனுக்குத்தான் தெரியும். அந்தத் தாய் தன் வாய்ப்புண்ணையாவது மகனிடம் சொல்வார். வெள்ளைப்படுதலையும் மூலத்தையும் சொல்வாரா? “நல்லாருக்கேன்னு சொல்லுய்யா” என்றார். அவன், “டீக் ஹை” என்றான்.

நாம் பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கிறோம், பட்டிமன்றத்துக்கு ஊரிலிருந்து ஆள் வரவழைக்கிறோம். வேண்டியதுதான், நானும் முன்வரிசையில் உட்காருகிறவன். ஆனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஹிந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள் எத்தனை பேர்! வாரத்தில் ஒரு காலை, இப்படிப்பட்ட ஒரு பெண்மணியுடன் டாக்டர் அறைவரை போய்வரச் சங்கம் ஒரு பட்டியல் தயாரிக்கக் கூடாதா? இருபது தொல்லைகளுக்குத் தமிழ், ஹிந்தி, மராத்தி வார்த்தைகள் கொண்ட ஒரு தாளும் அச்சிடலாம். செலவு ஒரு பேனருக்கு ஆவதைவிடக் குறைவு.

தாளின் கையெழுத்துப் பிரதியை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். மராத்தியை யாராவது சரிபார்த்துத் தர வேண்டும். பட்டியலில் ஆண் நோயாளிகளுக்குத் துணையாக என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். செவ்வாய், வியாழன் காலை எனக்குச் சௌகரியம். பெண்களுக்குத் துணைபோக என் மனைவி சம்மதித்திருக்கிறாள். ‘ஜீ மிச்லானா’ அவளுக்கு இப்போது மனப்பாடம்.