யந்திரத்தின் கண்ணும் குடியானவரின் யோசனையும்

நோய் கண்ட இலையைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினால், வியாதி இன்னதென்று க்ஷணத்தில் சொல்லக்கூடிய செயற்கை அறிவு யந்திரங்கள் இக்காலத்தில் வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றின் சொல்லை மட்டும் நம்பி மருந்து தெளிக்கலாமா என்பதை மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஆலோசிப்பது அவசியம்.

2016-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலும் ஸ்விட்ஜர்லாந்திலுமுள்ள ஆராய்ச்சியாளர் மூவர், 14 பயிர்களையும் 26 வியாதிகளையும் சேர்ந்த 54,306 இலைப் படங்களைக் கொண்டு ஒரு யந்திரத்தைப் பழக்கினர். அதே தொகுதியில் ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டியபோது அது நூற்றுக்கு 99.35 வீதம் சரியாகச் சொல்லிற்று. வேறிடத்தில் வேறு விதமாக எடுத்த படங்களைக் காட்டியபோதோ, நூற்றுக்கு 31 அளவே தேறிற்று. இதை அவர்கள் மறைக்காமல் எழுதியிருப்பது மெச்சத்தக்கது.

2022-ஆம் வருஷத்துச் சோதனையொன்று இதன் காரணத்தை ஒருவாறு விளக்குகிறது. அதே படங்களில் இலையை அடியோடு நீக்கி, பின்னணியிலிருந்து 8 புள்ளிகளை மாத்திரம் காட்டினார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் நூற்றுக்கு 2.6 சரியாகலாம், யந்திரம் 49 சரியாகச் சொல்லிற்று! இலையைப் பாராமலே வியாதியைச் சொல்லும் வைத்தியம் விசித்திரமானதே. மேலும், அந்த 14 பயிர்களில் ஆப்பிள், திராக்ஷை, தக்காளி முதலியவை உண்டு; நெல் இல்லை. அவ்வகை யந்திரத்திடம் நெல்லிலையைக் காட்டினால், தெரியாதென்று சொல்லாமல், தான் கற்ற பெயர்களில் ஒன்றையே சொல்லும்.

நெற்பயிர் மஞ்சளித்தால் அநுபவமுள்ள குடியானவர் நிறத்தோடு நிற்பதில்லை. அடியிலை முதலில் மஞ்சளித்ததா, குருத்திலை வெளுத்ததா என்று பார்ப்பார். முன்னது தழைச்சத்துக் குறைவுக்கும், பின்னது இரும்புச்சத்துக் குறைவுக்கும் அடையாளம். இலை ஆரஞ்சு நிறங்கொண்டு பயிரும் குட்டையாகி, பச்சைத் தத்துப்பூச்சியும் தென்பட்டால் துங்ரோ நோயைச் சந்தேகிப்பார். தண்ணீர் எத்தனை நாள் தேங்கிற்று, எரு எப்போது போட்டது, அடுத்த வயல் எப்படியிருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பார். இவையொன்றும் படத்தில் விழுவன அல்ல.

இதனால் கர்வங்கொள்ளவும் இடமில்லை. ஆப்பிரிக்காவில் மரவள்ளி நோய்களைப் பற்றி 2020-இல் வெளியான ஆராய்ச்சியில், நூரு என்னும் கைபேசிச் செயலி நூற்றுக்கு 65 சரியாகச் சொல்லிற்று. விவசாய விரிவாக்க உத்தியோகஸ்தர்கள் 40 முதல் 58 வரையிலும், விவசாயிகள் 18 முதல் 31 வரையிலுமே சரியாகச் சொன்னார்கள். செடிக்கு ஆறு இலைகளைப் பார்க்கச் செய்தபோது செயலி 74 முதல் 88 வரை எட்டிற்று. பார்த்துப் பழகிய அடையாளத்தைச் சலிப்பின்றி ஒப்பிடுவதில் யந்திரத்துக்கு மேன்மை உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் அடையாளம் வேறு, காரணம் வேறு. துங்ரோ நோய் வைரஸ் கிருமியால் வருவது. அதைப் பூஞ்சாண நோயென்று யந்திரம் சொல்லி, அதற்குரிய மருந்தைத் தெளித்தால் நோய் தீராது. நோயைப் பரப்பும் தத்துப்பூச்சி பெருகிக்கொண்டேயிருக்கும். மருந்துக்குக் கொடுத்த பணமும் போகும். ஆகையால் படம் பிடிப்போர் ஓரிலையோடு நில்லாமல் பல இலைகளைக் காட்டி, வேரையும் பிடுங்கிப் பார்த்து, யந்திரத்தின் விடை வயலின் நிலைமைக்குப் பொருந்துகிறதா என்று தெளிந்த பிறகே தெளிப்பானைத் தோளில் ஏற்றவேண்டும். பயிர்ச் சேதத்தைக் கணக்கில் எழுதும் உத்தியோகஸ்தர்களும் ஒரு படத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாமல் வரப்பில் இறங்கிப் பார்ப்பதே முறை.