குடியிருக்க யோக்கியதை யாருக்கு?

2025ஆம் வருஷம் மே மாதத்தில் டில்லி சுப்ரீம் கோர்ட்டில், தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழர் தம்மை நாடு கடத்தக் கூடாதென்று கேட்ட வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்து உபசரிக்க இந்த நாடு தர்மசாலை அல்ல என்றும், இங்கே நிலையாகத் தங்க உமக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் ஒரு நீதிபதி கேட்டதாகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அந்த ஒரு வழக்கின் நியாய அநியாயத்திற்குள் நாம் போகவில்லை. ஆனால் தர்மசாலை என்கின்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட நமக்கு மனமில்லை. ஏனெனில் நம் கடலூர் ஜில்லாவில், வடலூரில், மெய்யாகவே ஒரு தருமசாலை இருக்கின்றது. இராமலிங்கர் 1867இல் ஏற்படுத்திய அந்தச் சாலையில், வருகின்றவனை எந்த ஜாதி, எந்த மதம், எந்த தேசம் என்று கேளாமல் இன்றைக்கும் சோறு போடுகிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள குறிஞ்சிப்பாடியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கின்றது. அங்கே உள்ளவர்களிடம் சர்க்கார் கேட்பது முழுவதும் வேறு கேள்வி.

நிலையாகத் தங்கும் உரிமை மற்ற தேசங்களில் எப்படி வருகின்றது என்று பார்ப்போம். ஐரோப்பிய யூனியன் 2003இல் ஒரு விதி வகுத்தது. அதன்படி அந்நிய தேசத்தான் ஒருவன் சட்டப்படி 5 வருஷம் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். இடையில் சேர்ந்தாற்போல் 6 மாதத்திற்கு மேலோ, மொத்தத்தில் 10 மாதத்திற்கு மேலோ வெளியே போயிருக்கக் கூடாது. குடும்பத்தைக் காப்பாற்றத்தக்க ஒழுங்கான வருமானமும், வைத்திய இன்ஷூரன்சும் வேண்டும். அந்தந்த நாடு விரும்பினால் பாஷைப் பரீட்சையும் வைத்துக்கொள்ளலாம். 2011இல் அகதிகளையும் இந்த விதிக்குள் கொண்டுவந்தார்கள். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை. ஜெர்மனியின் சொந்தச் சட்டத்திலும் பொதுவாக 5 வருஷம், 60 மாதப் பென்ஷன் சந்தா, நடுத்தரமான ஜெர்மன் பாஷை ஞானம் என்று வைத்திருக்கிறார்கள். புளூ கார்டு என்னும் சீட்டோடு போகும் படித்த உத்தியோகஸ்தனுக்கு 27 மாதமே போதும். பாஷை நன்றாக வந்துவிட்டால் 21 மாதம். பிரான்சிலோ அகதி என்று ஒப்புக்கொண்டால் கையோடு 10 வருஷத்துச் சீட்டு.

வெள்ளைக்காரனைத் தர்மப்பிரபு என்று நாம் சொல்ல வரவில்லை. மனுவைத் தள்ளித் திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள் அநேகர். அந்நியனை விரட்டு என்று கூச்சல் போட்டே ஓட்டு வாங்கும் கட்சிகளும் அங்கே வளர்ந்து வருகின்றன. ஆனால் உரிமை கொடுப்பதற்கு அவன் வைத்திருக்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எத்தனை வருஷம் இருந்தாய்? என்ன வேலை செய்கிறாய்? எங்கள் பாஷை தெரியுமா? இவையெல்லாம் மனிதன் முயற்சியினால் சம்பாதித்துக் கொள்ளக்கூடிய யோக்கியதைகள்.

கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் இன்று இன்ஜினீயர் வேலைக்கு ஐரோப்பாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு, வெளிநாட்டு யோகம் உண்டா என்று ஜோசியனிடம் ஓடுவது நிற்கவில்லை. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் வீசா வாங்கித் தருவதற்கென்றே ஒரு பாலாஜி இருக்கிறார். 11 சுற்றுச் சுற்றி வேண்டிக்கொண்டு, காரியம் பலித்ததும் 108 சுற்றுச் சுற்ற வேண்டுமாம். கடல் தாண்டினவன் பதிதன் என்று போதாயனர் பேரால் சூத்திரம் எழுதி வைத்திருந்த மதம், இன்று கடல் தாண்டுவதற்கே கமிஷன் ஏஜண்டாக வந்து நிற்கின்றதென்றால் அதன் சாமர்த்தியத்தை என்னென்பது! பென்ஷன் சந்தாவில் ஒரு மாதம் குறைந்தாலும் ஜெர்மன் ஆபீசில் அந்த 108 சுற்றும் செல்லாது.

நிற்க. நம் முகாம்களுக்கு வருவோம். 1983 முதல் இலங்கையிலிருந்து உயிர் தப்பிப் படகேறி வந்தவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலுமாக, சுமார் 58 ஆயிரம் பேர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலும், சுமார் 34 ஆயிரம் பேர் வெளியிலும் இருப்பதாக 2021இல் கணக்குச் சொல்லப்பட்டது. ஐரோப்பாக்காரனின் 5 வருஷ அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1990இல் வந்தவர் 2025க்குள் ஏழு தடவை தேறியிருப்பார். வேலை செய்யவில்லையா? பெயிண்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் அவர்கள் வராத ஊர் எது? பாஷை தெரியாதா? நம்முடைய 1955ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டமும் பிரஜையாக விரும்பும் அந்நியனுக்கு 12 வருஷ வாசமும், அரசியல் சட்டத்து எட்டாவது அட்டவணையிலுள்ள ஒரு பாஷையும் இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கின்றது!

அப்படியானால் தடை எங்கே? 2003இல் அச்சட்டத்தைத் திருத்தி, தகுந்த பத்திரமில்லாமல் வந்தவன் சட்ட விரோதக் குடியேறி, அவன் மனுப்போடவே லாயக்கற்றவன் என்று எழுதிவிட்டார்கள். வீடு பற்றி எரியும்போது, கொழும்புக்குப் போய் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டு வாங்கிக்கொண்டு ஓடிவந்திருக்க வேண்டும் என்பது இதன் தாத்பரியம்.

இதைவிடக் கொடுமை பிள்ளைகளின் நிலை. 1987 ஜூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவன் பிறந்ததனாலேயே பிரஜை. அதற்குப் பின் பிறந்தவனுக்கு அப்பனோ ஆயியோ பிரஜையாயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் பிரஜையாயிருந்தாலும் மற்றவர் சட்ட விரோதக் குடியேறியாயிருந்தால் பிள்ளைக்கு உரிமை இல்லை என்றாக்கிவிட்டார்கள். முகாமில் பிறந்து, நம் பள்ளிக்கூடத்தில் படித்து, இலங்கைக் கரையைக் கண்ணால்கூடப் பாராத பையன் இன்றைக்கும் அந்நியன். ஏன்? அப்பன் அந்நியன். இந்த நியாயத்தை நாம் இதற்கு முன் கேட்டதில்லையா? பறையன் மகன் பறையன், சூத்திரன் மகன் சூத்திரன் என்ற அதே மனுதர்ம நியாயமல்லவா இது! ஜாதியைப் போலவே அகதித்தனத்தையும் பரம்பரைச் சொத்தாக்கி விட்டார்கள். சிதம்பரத்திற்குள் நுழைய நந்தனிடம் கேட்கப்பட்ட யோக்கியதை நெருப்பில் இறங்குவது என்று புராணம் பெருமையாகச் சொல்கிறதே, அங்கேயும் அவன் செய்த குற்றம் பிறந்த இடந்தானே? ஜெர்மனியில், தாய் தகப்பனில் ஒருவர் 5 வருஷம் சட்டப்படி குடியிருந்து நிலையான வாச உரிமையும் பெற்றிருந்தால், அங்கு பிறக்கும் பிள்ளை பிறக்கும்போதே ஜெர்மன் பிரஜை.

1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், தான் பிரஜை என்பதை மெய்ப்பித்துப் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற 2022இல் மதுரை ஹைகோர்ட்டுப் படியேற வேண்டியிருந்தது. சட்டம் தெளிவாகத் தன் பக்கம் இருப்பவருக்கே 36 வருஷம்!

இனி, இந்துக்களுக்காகவே அவதாரம் எடுத்ததாகச் சொல்லும் சர்க்காரின் யோக்கியதையைப் பாருங்கள். 2019இல் புதிய திருத்தம் செய்தார்கள். ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்றிலிருந்தும் 2014 முடிவுக்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவருக்குப் பத்திரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. வாச காலமும் 5 வருஷம் போதும் என்றார்கள். முஸ்லிமை ஒதுக்கியது வெளிப்படை. முகாமிலிருப்பவர்களில் பெரும்பாலோர் நெற்றியில் நீறு பூசும் இந்துக்களாயிற்றே, அவர்களை ஏன் விட்டீர்கள்? கோயில் உண்டியலுக்கும் ஓட்டுப் பெட்டிக்கும் இந்து, பிரஜா உரிமைக்கு மட்டும் வெறும் தமிழனா? மதத்தை வைத்து உரிமை கொடுப்பதே அயோக்கியத்தனம் என்பது நம் கொள்கை. அந்த அயோக்கியத்தனத்திலும் நாணயமில்லை என்பதற்காகவே இதைக் கேட்கின்றோம்.

2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட்டு வீசா இல்லாத குற்றத்திற்காக நடவடிக்கை கிடையாதாம். ஜெயில் இல்லை என்பது சந்தோஷமே. ஆனால் ஜெயில் இல்லை என்பது வேறு, குடியிருக்கும் உரிமை என்பது வேறு.

அந்நியனைச் சேர்த்தால் நாடு கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கடலூருக்கு அந்நியன் வந்த கதை அவர்களுக்குத் தெரியாதுபோலும். 1690இல் இங்கிலீஷ் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை தங்களுக்குச் சொந்தம் என்று பேசி, நான்கு புறமும் சுட்டு எல்லை பிடித்தார்கள். குண்டு கிராமங்கள் என்ற பேர் அப்படி வந்ததே. பீரங்கியோடு வந்தவனுக்கு இடம் விட்ட ஊரில், பெயிண்ட் வாளியோடு வேலைக்குப் போகிறவனால்தான் ஆபத்து வந்துவிடுமோ?

திரும்பிப் போக விரும்புகின்றவர் தாராளமாகப் போகட்டும்; அது அவரவர் இஷ்டம். இருக்க விரும்புகின்றவருக்கு, சட்ட விரோதக் குடியேறி என்ற பட்டத்தை நீக்கி, 12 வருஷக் கணக்கை அவர் பதிவான நாளிலிருந்து எண்ண வேண்டும். கடலூர், சிதம்பரம், குறிஞ்சிப்பாடித் தோழர்கள், பார்லிமெண்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகின்றவர் எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும், இந்த ஒரு திருத்தத்திற்குக் கை தூக்குவாரா மாட்டாரா என்று கூட்டத்திலேயே எழுந்து கேட்டு, அவர் சொல்லும் பதிலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.